தட்டு மாற்றி வந்த வலது கால்

ஹரிஷ்குமாரின் பைக்குக்கு வலது கால் வேறு யாருடையதோ என்ற விஷயம், ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மூன்றாவது இட்லியைச் சட்னியில் தோய்க்கும்போது தெரியவந்தது.

கீழே வண்டி கழுவிக்கொண்டிருந்த மைத்துனன் அஷ்வின், பேண்டை முழங்கால்வரை மடித்தபடி மேலே வந்து நின்றான்.

"மாமா, சாப்பிட்டு முடிச்சிட்டு கீழ வாங்க. ஒரு விஷயம்."

"இப்பவே சொல்லு."

"சொன்னா சாப்பிட மாட்டீங்க."

இதைக் கேட்ட பிறகு யாருக்கு இட்லி இறங்கும்? ஹரிஷ்குமார் கையைக்கூடக் கழுவாமல் பார்க்கிங்குக்கு ஓடினார்.

வண்டி, மைசூரில் ஐம்பது வருடத்துக்கு முன்னால் செய்த டூ-ஸ்ட்ரோக். ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் கழற்றி வீசிவிட்டு, கட்டை டயர் மாட்டி, சேற்றில் ஓட்டுவதற்கென்றே ஹரிஷ்குமார் வளர்த்து வந்த செல்லம். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கும் குழாய் ஜோடிக்கு ஃபோர்க் என்று பெயர். இந்த வீட்டில் அதைக் கால் என்றுதான் சொல்வார்கள். உஷா மட்டும் "அந்தச் சனியன்" என்பாள். அது வண்டி முழுவதற்குமான பெயர்.

"இடது கால்ல எண்ணெய் வடிக்கிற திருகு பின்பக்கம் இருக்கு. வலது கால்ல பாருங்க, வெளிப்பக்கம். இது பின்னாடி வந்த மாடல் மாமா. ஜோடி இல்ல."

ஹரிஷ்குமார் குனிந்தார், படுத்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். திருகு வெளிப்பக்கம்தான் இருந்தது.

"போன வருஷம் செக்கிங்ல பாஸ் பண்ணாங்களேடா."

"போன வருஷம் ஒரே சேறு. அதுல தெரிஞ்சிருக்காது."

போன வருடம் என்று சொன்னாலே ஹரிஷ்குமாருக்குக் காது சிவந்துவிடும். காரணம் இருக்கிறது.

ஹொசகோட்டே தாண்டி ஒரு செம்மண் மைதானத்தில் வருடா வருடம் மண் பந்தயம் நடக்கும். அதில் எழுபத்தைந்துக்கு முந்தைய வண்டிகளுக்குத் தனி வகுப்பு. பாகமெல்லாம் அந்தக் காலத்ததாக இருக்க வேண்டும், ஃபோர்க் காலிரண்டும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும் என்பது விதி. ஓட்டுபவர்கள் எல்லோரும் தொப்பையும் முழங்கால் வலியும் உள்ள நல்லவர்கள். அந்த வகுப்பில் ஹரிஷ்குமார் ஜெயிக்கக்கூட வாய்ப்பு உண்டு.

போன வருடம் சோதனை செய்த ஜோசஃபின் மேடம் ஃபோர்க்கைப் பார்த்து, குனிந்து அடியில் சுத்தியலால் டக் டக் என்று ஏதோ தட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

"மேடம், பின்னாடி ஷாக் அப்சார்பர் எண்பத்திரண்டு மாடல். ஸ்வல்ப நோடி, கொஞ்சம் பாருங்க."

குரலுக்குச் சொந்தக்காரர் மர்பி டவுன் இராஜமாணிக்கம். பொதுப்பணித்துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டுவதை விட்டுவிட்டு, ஓட்டுபவர்கள் வண்டியில் குற்றம் பார்ப்பதைத் தொழிலாக வைத்திருந்தார்.

அவ்வளவுதான். ஹரிஷ்குமாரைப் பொது வகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே எல்லாம் இருபது வயதுப் பையன்கள். முதல் வளைவிலேயே அவர் வண்டி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, சேற்றில் முகம் குப்புற விழுந்தார். அப்போதுகூட அஷ்வின் ஓடிவந்து தூக்காமல், வேலி ஓரமாக யாருடனோ பேசிக்கொண்டிருந்தான் என்ற குறை அவருக்கு இன்னும் உண்டு.

எழுந்து உட்கார்ந்தபோது யாரோ எடுத்த போட்டோ மறுநாள் ஆபீஸ் வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் ஆகிவிட்டது. கண் மட்டும் தெரியும் சேற்று முகம். கீழே 'சர்வர் டவுன்'. அவருக்குக் கீழே வேலை செய்யும் பதினெட்டு பேரும் சர்வர் நின்றால் அதைத்தான் போடுகிறார்கள். ஒருநாள் கேஸ் தீர்ந்தபோது உஷாவும் அதையே அனுப்பினாள். இந்த வருடம் பழைய வகுப்பில் ஓட்டி, ஒரு கோப்பையுடன் போட்டோ எடுத்து, அந்த ஸ்டிக்கரை உலகத்திலிருந்தே அழிக்க வேண்டும். ஹரிஷ்குமாருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது.

ஷாக் அப்சார்பரை மாற்றியாயிற்று. இப்போது காலில் வந்து நிற்கிறது.

*

ஜோகுபாளையத்து மெக்கானிக் தினேஷ் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"இதுக்கா சார் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? வெளிப்பக்க ஓட்டைய அடைக்கணும், பின்பக்கம் ஒரு ஓட்டை போடணும். பெயிண்ட் அடிச்சா பெத்தவனுக்கே தெரியாது."

அடைத்தான், துளைத்தான், பெயிண்ட் அடித்தான். பார்ப்பதற்குப் பிரமாதமாக இருந்தது. மறுநாள் காலை கால் மொத்த எண்ணெயையும் கக்கியிருந்தது. அது பார்க்கிங் சரிவில் இறங்கி, அசோசியேஷன் தலைவர் வீட்டு வாசல் கோலத்தின் நடுவே ஓடி நின்றது. உஷா போய் மன்னிப்புக் கேட்டு, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, தன் கையாலேயே புதுக் கோலம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இன்னொரு தடவை அந்தச் சனியனால நான் குனிஞ்சு கோலம் போட வச்சீங்கன்னா, உங்கமேலயே புள்ளி வச்சிடுவேன்."

அடுத்து சிவாஜிநகர் குஜிரி. பழைய இரும்புக் கடைகளுக்குள் ஒருநாள் முழுக்க நுழைந்து தேடி, பின்பக்கத் திருகுள்ள கால் ஒன்றைக் கண்டுபிடித்தேவிட்டார். அதைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். மாட்டிப் பார்த்தால், அதுவும் இடது கால்.

"ரெண்டு இடது காலோட ஆடலாம் சார், ஓட்ட முடியாது" என்றான் தினேஷ்.

ஹரிஷ்குமார் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அன்று பகல் ஆபீஸ் குரூப்பில் நான்கு முறை சர்வர் டவுன் ஆகியிருந்தது.

அப்போதுதான் அஷ்வின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமினான்.

"மாமா, கோவிச்சுக்கக்கூடாது. பின்பக்கத் திருகு வச்ச வலது கால், எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல ஒரே ஒரு இடத்துல இருக்கு."

"எங்க?"

"மர்பி டவுன்ல. இராஜமாணிக்கம் சார் வண்டில."

ஹரிஷ்குமார் அவன் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"குரூப்ல யாரோ போட்டோ போட்டிருந்தாங்க."

"அந்த ஆளு வீட்டு வாசப்படிய நான் மிதிக்கமாட்டேன். என் சொந்தத் தம்பிக்குக் கல்யாணம்னாலும் மிதிக்கமாட்டேன்."

"தெரியும் மாமா" என்றான் அஷ்வின் பணிவாக. "ஆனா ஃபோர்க்குன்னா?"

ஹரிஷ்குமார் யோசித்தார். அவர் யோசிக்க ஆரம்பித்ததைப் பார்த்து அஷ்வின் எழுந்து உள்ளே போனான்.

*

"பெரிய மனுஷர் வீட்டுக்கு வெறுங்கையோடயா போவீங்க?" என்றாள் உஷா.

பழம் வாங்கிவரும் பொறுப்பை அஷ்வின் ஏற்றுக்கொண்டான். திரும்பி வந்தபோது ஆப்பிள், வாழைப்பழத்தோடு வெற்றிலை, பாக்கு, தேங்காய், நான்கு முழம் மல்லிகைப்பூ எல்லாம் இருந்தன. அவற்றைப் பரணிலிருந்து எடுத்த பித்தளைத் தட்டில் அவனே அழகாக அடுக்கினான்.

"ஃபோர்க் கேக்கப் போறதுக்குப் பூ எதுக்குடா?"

"வெத்தல பாக்கு வச்சா பூ வைக்காம இருக்கக்கூடாது மாமா. அப்புறம், நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள உள்ள நுழைஞ்சிடணும்."

காலண்டரில் தேதி கிழிக்கக்கூடச் சோம்பல்படுகிறவன் ராகு காலம் பார்க்கிறானே என்று ஹரிஷ்குமார் அன்று யோசித்திருக்க வேண்டும். அவர் திருகைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேராக ஒரு காரியத்துக்குக் கிளம்பக்கூடாது என்று உஷா வாசலில் நின்றுவிட்டாள். நான்காவது ஆளாக, இஸ்திரி போட்ட சட்டையும் ஸ்பேனர் பையுமாகத் தினேஷ் காரில் ஏறினான்.

மர்பி டவுன் வீட்டு கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. ஹரிஷ்குமார் உஷாவை முன்னால் விட்டுப் பின்னால் நின்றார். நாய் பாய்ந்து வந்தது. வந்து, அஷ்வினின் ஷூமேல் படுத்து வயிற்றைக் காட்டியது.

"நல்லவங்கள நாய்க்குத் தெரியும் மாமா" என்றான் அஷ்வின்.

கதவைத் திறந்த இராஜமாணிக்கத்தின் மனைவி கோமளம், முதலில் உஷாவைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். பிறகு, புதுச் சட்டையில் தலையைக் குனிந்து நின்ற அஷ்வினைப் பார்த்தார். உள்ளே போய்ச் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து, "வாங்க, எல்லாரும் வலது கால எடுத்து வச்சு வாங்க" என்றார்.

வலது கால் என்ற சொல்லைக் கேட்டதும் ஹரிஷ்குமாருக்கு மயிர் சிலிர்த்தது. நல்ல சகுனம்.

சோபாவில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். இராஜமாணிக்கம் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார்.

"பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்றார். "ஹரிஷ்குமார், நான் ஒண்ணு சொல்றேன். போன வருஷம் நான் செஞ்சதுக்கு நீங்க என் மூஞ்சியிலயே முழிக்கமாட்டீங்கன்னு நெனச்சேன். அத மனசுல வச்சுக்காம, உங்க மச்சினனுக்கு என் பொண்ணக் கேட்டு வந்திருக்கீங்களே. பெரிய மனசு சார் உங்களுக்கு."

உஷாவின் வாய் திறந்தது. ஹரிஷ்குமாரின் வாயும் திறந்தது. இல்லை சார், நாங்கள் வந்தது வேறு விஷயமாக என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

அப்போது ஜன்னல் வழியாக அவர் கண்ணில் போர்டிகோ பட்டது. தார்ப்பாய் விலக்கி நிறுத்தியிருந்த வண்டி. முன்சக்கரம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. வலது கால். பின்பக்கத்தில் திருகு.

ஹரிஷ்குமார் வாயை மூடிக்கொண்டார். பிறகு மறுபடி திறந்து, "ஆமா சார்" என்றார்.

உஷா அவர் தொடையைக் கிள்ளிய கிள்ளலில் கண்ணீர் வந்தது. இராஜமாணிக்கம் அதையும் பாசமென்றே எடுத்துக்கொண்டார்.

"காபி குடிச்சிட்டு, வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்னு எழுந்திரிச்சிடலாம்" என்று ஹரிஷ்குமார் மைத்துனன் காதில் ஓதினார். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நடுவுல ஃபோர்க்க வாங்கிடுவோம். நீ மூஞ்சிய மட்டும் கொஞ்சம் மாப்பிள்ளை மாதிரி வச்சுக்கோ."

"உங்களுக்காக வச்சுக்கிறேன் மாமா" என்றான் அஷ்வின், தாழ்ந்த குரலில்.

மகள் வித்யாலட்சுமி காபி கொண்டுவந்தாள். மின்சார ஸ்கூட்டர் கம்பெனி ஒன்றில் டிசைன் இன்ஜினியர். எல்லோருக்கும் சர்க்கரை போட்ட டம்ளர். அஷ்வினுக்கு மட்டும் சர்க்கரை இல்லாதது. அவன் சர்க்கரை சேர்க்காதவன் என்று அந்த வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. அதை உஷா கவனித்தாள். ஆனால் அவளுக்குக் கோபத்தில் எதைக் கவனித்தோம் என்பதே நிற்கவில்லை.

"இவர் யாரு?" என்று தினேஷைக் காட்டிக் கேட்டார் இராஜமாணிக்கம்.

"எங்க குடும்பத்துல ஒருத்தர் சார்" என்றார் ஹரிஷ்குமார்.

தினேஷ் ஸ்பேனர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வணக்கம் சொன்னான்.

சமயம் பார்த்து ஹரிஷ்குமார் பேச்சை வண்டிப் பக்கம் திருப்பினார். எவ்வளவு அழகான வண்டி, எவ்வளவு அழகான ஃபோர்க், குறிப்பாக வலது பக்கம். அது மட்டும் கிடைத்தால் ஒரு சின்ன உபகாரமாக இருக்கும்.

இராஜமாணிக்கம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த வண்டில இருந்து ஒரு வாஷர்கூட நான் வெளியாளுக்குக் குடுத்ததில்ல. எத்தனையோ பேரு கேட்டாச்சு."

ஹரிஷ்குமாரின் முகம் தொங்கிப்போனது.

"ஆனா சம்பந்தி கேட்டா அது வேற. தட்ட மாத்திக்குவோம். அப்புறம் வண்டி என்ன, வீடே உங்களது. நாலரைக்கு முன்னாடி ஆயித்துன்னா நல்லது."

மணி நான்கு பத்து. ஹரிஷ்குமார் ஜன்னலைப் பார்த்தார், அஷ்வினைப் பார்த்தார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார். ஒரு பையனின் மொத்த வாழ்க்கை ஒரு பக்கம். ஒரு திருகு மறுபக்கம். பெண் நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். காபி நன்றாக இருக்கிறது. நாய்கூட அவனிடம் ஒட்டிக்கொண்டது. எல்லாருக்கும் என்றைக்காவது கல்யாணம் ஆகத்தானே போகிறது? இப்படியாக அரை டம்ளர் காபிக்குள் அவருடைய மனசாட்சி சமாதானமாகிவிட்டது.

"மச்சான்..." என்றார் குழைவாக.

அஷ்வின் தரையைப் பார்த்தான். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான். "பொண்ணுகிட்ட ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்" என்றான். இருவரும் போர்டிகோவுக்குப் போய், அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார்கள். நான்கு இருபதுக்குத் திரும்பி வந்து, "சரி மாமா. நீங்க சொன்னா சரி" என்றான்.

தட்டு மாறியது. உஷா தம்பி தலையைத் தடவிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோமளம் அவள் தலையில் நான்கு முழத்தில் இரண்டு முழத்தை வைத்துவிட்டார்.

அடுத்த பத்து நிமிடத்தில் கால் கழன்றது. கழற்றியது வித்யாலட்சுமி. தினேஷிடம் கையை நீட்டி, "பதினேழு குடுங்கண்ணா" என்று ஸ்பேனரை வாங்கினாள். வருடக்கணக்கில் நிற்கும் வண்டியின் போல்ட், துரு இல்லாமல், விரலாலேயே சுழன்று வந்தது.

"எண்ணெய் கூட விடாம எப்படிம்மா?" என்றான் தினேஷ் ஆச்சரியத்தோடு.

"கைராசி" என்றாள் அவள்.

வண்டி ஒற்றைக் காலில் நிற்கக்கூடாது என்று ஹரிஷ்குமார், தன்னுடைய பழைய வலது காலைக் காரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் தினேஷ் போட்ட ஓட்டையைப் பார்த்ததும் வித்யாலட்சுமியின் முகம் மாறிவிட்டது.

"இதுல யாரு ஓட்டை போட்டது?" என்று கேட்டு, ஏனோ அஷ்வினை முறைத்தாள்.

*

அந்த வாரம் முழுக்க உஷா புருஷனோடு பேசவில்லை. பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "ஒரு இரும்புத் துண்டுக்கு என் தம்பிய வித்துட்டு வந்திருக்கீங்க."

ஹரிஷ்குமாருக்கும் தூக்கம் வரவில்லை. ராத்திரியெல்லாம் அஷ்வின் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடியில் நடப்பதைப் பார்த்தார். பாவம், மனசு ஆறாமல் சிநேகிதர்களிடம் சொல்லி அழுகிறான் என்று நினைத்தார். காலையில் குளியலறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. துக்கத்தை மறக்கப் பாடுகிறான்.

பிராயச்சித்தமாக, ஆம்பூரிலிருந்த மாமியாரிடம் அவரே பேசினார். அந்த அம்மாள் மகனுக்காக மூன்று ஜாதகம் எடுத்து வைத்திருந்தார்.

"யாரு, என்னன்னு விசாரிக்காம தட்டு மாத்திட்டீங்களா மாப்பிள்ள? நம்ம பக்கத்து ஆளுங்ககூட இல்லையே."

"அத்தை, அந்தப் பொண்ணு மாதிரி தேடினாலும் கிடைக்காது. போல்ட்ட விரலாலயே கழட்டுறா. நான் பொறுப்பு."

இரண்டு மணி நேரம் கெஞ்சி, மிரட்டி, தன் தலைமேல் சத்தியம் செய்து, மாமியாரின் சம்மதத்தை வாங்கிவிட்டார். போனை வைத்ததும் அஷ்வின் சாஷ்டாங்கமாகக் காலில் விழுந்தான். ஹரிஷ்குமார் அழுதேவிட்டார்.

"மாமா, அழாதீங்க. நீங்க பழைய வகுப்புல ஓட்டணும். எனக்கு அது போதும்" என்றான் அந்தத் தியாகி.

*

பந்தயத்தன்று காலை செம்மண் மைதானத்தில் சம்பந்திகள் இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். இராஜமாணிக்கம் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "நம்ம வண்டி" என்று காட்டினார். அலுவலகத்திலிருந்து பதினெட்டு பேரில் ஆறு பேர், போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

பிரேசர் டவுன் ஜோசஃபின் மேடம் கையில் டார்ச்சோடு வரிசையாக வந்தார். போன வருடம் போலவே தொப்பி, கழுத்தில் மூக்குக்கண்ணாடி, முகத்தில் யாரையும் நம்பாத பார்வை. ஹரிஷ்குமாரின் வண்டிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

ஹரிஷ்குமாரும் பக்கத்தில் குனிந்தார். "இந்த வருஷம் ஃபோர்க் பக்கா மேடம். வலது கால் சம்பந்தி வீட்டுல இருந்து வந்தது. இதுக்காக நாங்க எவ்வளவு பெரிய தியாகம் பண்ணியிருக்கோம் தெரியுமா? டேய் அஷ்வின், இங்க வா, மேடம்கிட்ட சொல்லு."

அஷ்வின் அங்கே இல்லை. மோர் வாங்கப் போயிருந்தான். வித்யாலட்சுமியும் போயிருந்தாள்.

ஜோசஃபின் மேடம் இடது காலின் அடியைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். வலது காலின் அடியைத் துடைத்துப் பார்த்தார். மறுபடி இடது, மறுபடி வலது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹரிஷ்குமாரை நிமிர்ந்து பார்த்தார்.

"பாஸ் சார், பழைய வகுப்புலயே ஓட்டுங்க, ஆனா போன வருஷம் உங்க வண்டிய செக் பண்ணப்போ ரெண்டு கால் அடியிலயும் உங்க நம்பர் நாப்பத்தொண்ண நான்தான் குத்திவிட்டேன், ரெண்டுலயும் அது அப்படியே இருக்கு. உங்க சொந்தக் கால எதுக்கு சார் சம்பந்தி வீட்டுல போய்க் கேட்டு வாங்கினீங்க?"